கோப்பையே வாங்காத சால்மிங்கை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பதிவு 1 – வடக்குவாசி

விளையாட்டுப் பகுதியில் ஐஸ் ஹாக்கி பற்றிப் பேச்சே வருவதில்லை. ஆனால் கிரிக்கெட்டை வைத்து "கோப்பை வாங்காதவன் பெரிய ஆட்டக்காரனா?" என்று இங்கே அடிக்கடி நடக்கும் சண்டையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார்: பொர்யே சால்மிங்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1951 ஏப்ரல் 17 அன்று சுவீடனின் வடகோடியில், கிருனா நகரத்துக்குப் பக்கத்தில் சால்மி என்ற சிற்றூரில் பிறந்தார். ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கிற இடம். அப்பா ஸாமி பழங்குடியைச் சேர்ந்தவர், கலைமான் மேய்த்த குடும்பம். கிருனாவில் அந்த ஊரையே வாழவைக்கிற இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். பொர்யேவுக்கு 5 வயதாக இருக்கும்போது சுரங்க விபத்தில் இறந்துவிட்டார். அண்ணன் ஸ்டிக்கைப் பார்த்துத்தான் தம்பியும் ஹாக்கிக்கு வந்தார். இரண்டு பேரும் பின்வரிசை ஆட்டக்காரர்கள், அதாவது டிஃபென்ஸ்மேன். யெவ்லே நகரத்தின் ப்ரூனெஸ் அணிக்காக ஆடி 1971, 1972 ஆண்டுகளில் சுவீடன் சாம்பியன் பட்டம் வாங்கினார்.

1973இல் கனடாவின் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி. அங்கே 16 பருவங்கள், 1099 ஆட்டங்கள். கடைசியாக டெட்ராய்டில் ஒரு பருவம். மொத்தம் என்ஹெச்எல் என்ற வட அமெரிக்காவின் பெரிய லீகில் 1148 ஆட்டங்கள், 150 கோல், 637 அசிஸ்ட் (அதாவது கோலுக்கு வழிசெய்த பாஸ்). அதில் லீஃப்ஸுக்காக மட்டும் 620 அசிஸ்ட், அந்த அணியின் வரலாற்றில் அதுதான் அதிகம்.

லீகின் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பை ஒன்றுகூட இல்லை. இறுதிச்சுற்றில் ஆடியதே இல்லை. சிறந்த பின்வரிசை ஆட்டக்காரருக்கான நாரிஸ் விருதில் இரண்டு முறை இரண்டாம் இடம், அவ்வளவுதான்.

ஆனாலும் 1996இல் ஹாக்கி புகழரங்கத்தில் இடம் கிடைத்தது. அங்கே நுழைந்த முதல் சுவீடன்காரர் அவர். என் கட்சி இதுதான்: அவர் வருவதற்கு முன்னால் "ஐரோப்பியர்கள் இந்த லீகில் தாக்குப்பிடிப்பார்களா?" என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் ஆடி முடித்தபோது அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. எந்தக் கோப்பையையும்விட இது பெரிது என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பதிவு 2 – கணக்குப்பிள்ளை

நல்ல இழை. ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்.

சால்மிங்தான் கதவைத் திறந்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உல்ஃப் ஸ்டெர்னர் 1965லேயே நியூயார்க் ரேஞ்சர்ஸுக்காக ஆடிவிட்டார். 4 ஆட்டங்கள்தான், ஆனால் ஆடினார். தொம்மி பெர்க்மான் 1972இல் டெட்ராய்டுக்குப் போய்விட்டார். சால்மிங்கோடு அதே விமானத்தில் வந்தது போல இன்னொரு சுவீடன்காரர் ஹம்மார்ஸ்ட்ரோமும் அதே ஆண்டு லீஃப்ஸுக்கு வந்தார். அவர்கள் பெயரையும் சொல்ல வேண்டும்.

அடுத்து, அந்தக் காலத்து எண்கள். 1967 வரை 6 அணிகள்தான். அந்த ஆண்டே 12 ஆனது, 1974இல் 18. போதாததற்கு டபிள்யூஹெச்ஏ என்ற போட்டி லீக் வேறு வந்து ஆட்களை இழுத்துக்கொண்டது. நல்ல ஆட்டக்காரர்கள் பிரிந்து சிதறினார்கள், கோல்கள் மழையாகக் கொட்டின. 70களின் எண்ணிக்கைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அவர் தலைமுறைப் பின்வரிசைக்காரர்களில் என் வரிசை: ராபின்சன், பொட்வின், பார்க், அப்புறம்தான் சால்மிங். இது குறைவான இடம் இல்லை. ஆனால் "எந்தக் கோப்பையையும்விடப் பெரிது" என்று சொல்லும் அளவுக்கு நான் வரமாட்டேன்.

பதிவு 3 – வைகைக்கரை

எனக்கு இந்த ஆட்டம் சுத்தமாகத் தெரியாது. ஸ்குவாஷ் ஆடுவேன், சால்மிங் என்ற பெயரை ஷூவில் பார்த்திருக்கிறேன். அது இவர் பெயர்தானா?

பின்வரிசை ஆட்டக்காரர் என்றால் என்ன வேலை? கோல் அடிக்காமல் அசிஸ்ட் மட்டும் ஏன் இத்தனை? அப்புறம், சண்டை போட்டுக்கொள்வது விதிப்படி சரிதானா?

பதிவு 4 – வடக்குவாசி

ஆமாம், அதே பெயர்தான். ஆட்டத்தை விட்ட பிறகு உள்ளாடையில் தொடங்கி, பின்னால் ஸ்குவாஷ், ஹேண்ட்பால், ஃப்ளோர்பால் பொருட்கள் வரை அந்தப் பெயரில் வந்தன.

ஆட்டத்தைப் பற்றி: பனித்தளத்தில் ஒரு பக்கத்துக்கு 6 பேர். கோல்காப்பாளர், 3 முன்வரிசை, 2 பின்வரிசை. ஒருவர் தொடர்ந்து 45 வினாடி, அதிகம் போனால் ஒரு நிமிடம் ஆடிவிட்டு வெளியே வந்து அடுத்தவரை அனுப்புவார். அவ்வளவு வேகமான ஆட்டம், மூச்சு தாங்காது. சால்மிங் மாதிரி ஆட்கள் 60 நிமிட ஆட்டத்தில் பாதி நேரம் வரை பனியில் இருப்பார்கள்.

பின்வரிசைக்காரர் எதிரியைத் தடுத்தால் மட்டும் போதாது. தன் கோலுக்குப் பின்னால் மூலையில் கிடக்கும் பக்கை, அதாவது ஆடும் ரப்பர் வில்லையை எடுத்து, மேலே ஏறி வரும் இரண்டு பேர் நசுக்குவதற்குள் தலையைத் தூக்கிப் பார்த்து, முன்வரிசையில் ஓடுகிறவன் மட்டையில் சரியாகப் போட வேண்டும். தாக்குதல் அங்கேதான் பிறக்கிறது. அதனால்தான் அசிஸ்ட்.

ஐரோப்பியர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. ஐரோப்பாவில் தளத்தின் அகலம் சுமார் 30 மீட்டர். என்ஹெச்எல்லில் 85 அடி, அதாவது 26 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 4 மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் மூலையில் பக்கை எடுக்கிறவனுக்கு அது அரை வினாடி. அந்த அரை வினாடிக்குள் பலகைச் சுவரில் மோதி நசுங்குவதா, பாஸ் கொடுத்துத் தப்பிப்பதா என்பது முடிவாகிவிடும். சுவீடனில் கற்ற கணக்கு அங்கே செல்லாது.

அப்புறம் அவர் பக்கைத் தடுக்கும் விதம். பக் என்பது 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன் உள்ள கெட்டி ரப்பர் வில்லை. சுமார் 170 கிராம். துள்ளக் கூடாது என்பதற்காக ஆட்டத்துக்கு முன் உறைய வைத்துவிடுவார்கள். மட்டையை ஓங்கி அடிக்கும் ஸ்லாப்ஷாட்டில் அது மணிக்கு 140, 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும். சால்மிங் என்ன செய்வார் தெரியுமா? எதிரி மட்டையைப் பின்னால் ஓங்கும்போதே ஒரு முழங்காலைப் பனியில் ஊன்றி, உடம்பைக் குறுக்கே சரித்து, அப்படியே வழுக்கிக்கொண்டு போய் அடிப்பவனுக்கு நெருக்கமாகப் படுத்துவிடுவார். நெருங்க நெருங்கப் பக் மேலே எழும்ப இடமிருக்காது, காலிலோ வயிற்றிலோ பட்டு நின்றுவிடும். இன்றைய காப்புக் கவசம் எதுவும் அப்போது கிடையாது, மெல்லிய தோள் பட்டையும் முழங்கால் பட்டையும்தான். பழைய ஒளிப்படங்களைப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

சண்டை பற்றி வேறு யாராவது சொல்லுங்கள். அது பெரிய கதை.

பதிவு 5 – ஸ்காபரோ அண்ணை

அந்தக் கதையை நான் சொல்கிறேன் தம்பி.

நான் ரொறன்ரோவுக்கு வந்தபோது சால்மிங்குக்குக் கடைசிக் காலம். ஹொக்கி என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. வேலைத்தளத்தில் என்னோடு நின்ற ஒரு வயதான கனேடியர்தான் சனிக்கிழமை இரவு ஆட்டத்தைப் பற்றித் திங்கட்கிழமை முழுக்கக் கதைப்பார். ஆங்கிலம் பழகியதே அந்தக் கதைகளில்தான். சால்மிங்கின் 21ஆம் இலக்கச் சட்டையைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் அவர் கை வேலையை நிறுத்திவிடும்.

முதலில் சால்மிங் எப்படி அகப்பட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். 1972 கடைசியில் லீஃப்ஸ் ஆள் ஜெரி மெக்னமாரா சுவீடனுக்குப் போனது கர்ட் லார்சன் என்ற கோல்காப்பாளரைப் பார்க்க. அவரைப் பார்க்க வாய்க்கவில்லை. சரி, வந்ததற்கு ஏதாவது பார்ப்போம் என்று ப்ரூனெஸ் அணிக்கும் ஒன்ராறியோவிலிருந்து சுற்றுப்பயணம் வந்த பாரி ஃப்ளையர்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டத்துக்குப் போனார். அந்த ஆட்டத்தில் சால்மிங் நடுவரை மோதி வெளியேற்றப்பட்டார்! மெக்னமாரா நேரே உடைமாற்றும் அறைக்கே போய், ரொறன்ரோவுக்கு ஆட வருகிறாயா என்று கேட்டுவிட்டார். சுவீடன்காரர்கள் மென்மையானவர்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், வெளியே அனுப்பப்பட்டவனைத் தேடிப் போனார் பாருங்கள், அதுதான் கண்.

1973 அக்டோபரில் முதல் ஆட்டம் ரொறன்ரோவிலேயே, எருமை நகரத்து சேபர்ஸோடு. அதாவது பஃபலோ. அதில் வெற்றி. இரண்டாவது ஆட்டம் பிலடெல்பியாவில். அந்தக் காலத்துப் பிலடெல்பியா ஃப்ளையர்ஸ் அடித்து நொறுக்கியே 1974, 1975 இரண்டு கோப்பையும் எடுத்த அணி. சுவீடன்காரன் என்றால் கோழை, அடித்தால் ஓடிவிடுவான் என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். மட்டையால் குத்தினார்கள். அவர் ஓடவில்லை. குத்துச்சண்டைக்காரரும் இல்லை. எழும்பி வந்து மறுபடியும் பக்கை எடுத்தார்.

1976 பிளேஆஃபில், அதாவது பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில், அது உச்சத்துக்குப் போனது. மூன்றாவது ஆட்டத்தில் மெல் பிரிட்ஜ்மன் அவரை விழுத்தி முகத்தில் மாறி மாறிக் குத்தினார். ஒன்ராறியோவின் சட்டமா அதிபர் ரோய் மெக்மர்ட்ரி ஃப்ளையர்ஸ் வீரர்கள் மேல் குற்ற வழக்கே போட்டார். ஹொக்கி ஆட்டத்தில் நடந்ததற்கு நீதிமன்றம்! அடுத்த ஆட்டத்தில், அதே முகத்தோடு, அணித்தலைவர் சிட்லரின் பாஸை வாங்கித் தனியாகப் பறந்து போய் ஃப்ளையர்ஸ் கோல்காப்பாளர் பெர்னி பேரன்டைத் தாண்டிக் கோல் போட்டார். அந்த ஒலியை அந்தக் கட்டடம் அதற்கு முன் கேட்டிருக்காது என்று என் நண்பர் சொல்வார். ஏழாவது ஆட்டம் வரை இழுத்துத்தான் ஃப்ளையர்ஸ் வென்றது.

அதே ஆண்டு செப்டம்பரில் கனடா கோப்பை. மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் கனடாவும் சுவீடனும். வீரர்களை அறிமுகப்படுத்தும்போது, மஞ்சள் சட்டையோடு எதிரணியில் நின்ற சால்மிங்கின் பெயரைச் சொன்னதும் அரங்கமே எழும்பி நின்று கைதட்டியது. தட்டிக்கொண்டே இருந்தார்கள். கனடா 4–0 என்று வென்றது, அது யாருக்கும் நினைவில்லை. வேறு நாட்டுக்காக எங்கள் ஊருக்கு எதிராக ஆட வந்தவனுக்கு ஒரு ஊர் இப்படிச் செய்யுமா? வந்தேறிகளான எங்களுக்கு அது சாதாரண விடயமில்லை.

பதிவு 6 – யாழினி

அண்ணை, உங்கள் பதிவைப் படித்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது உண்மை. ஆனாலும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். என் மகன் ஹொக்கி ஆடுகிறான், பின்வரிசைதான். அதனால் இது எனக்குச் சும்மா கதை இல்லை.

அவர் அடி வாங்கியதை வீரமாக எழுதும்போது, அடித்தவர்களையும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் நாம் விட்டுவிடுகிறோம். ஒரு மனிதன் அவன் பிறந்த நாட்டுக்காகக் குறிவைக்கப்பட்டான். அதைத் தடுக்க வேண்டியது லீக். லீக் செய்யாததால்தான் மாகாணத்தின் சட்டமா அதிபர் இறங்க வேண்டி வந்தது, அந்த வழக்குகளும் பெரிய தண்டனை எதிலும் முடியவில்லை. சால்மிங் தாங்கினார். தாங்க முடியாமல் திரும்பிப் போனவர்கள் திறமையில் குறைந்தவர்களா?

"நீயும் சால்மிங் மாதிரி எழும்பி நில்" என்று 13 வயதுப் பிள்ளைகளிடம் சொல்லும் பயிற்சியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். தலையில் அடிபட்ட பிள்ளை எழும்பி நிற்கவே கூடாது. உட்கார்ந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பதிவு 7 – வடக்குவாசி

யாழினி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஹம்மார்ஸ்ட்ரோம்தான் அதற்குச் சரியான உதாரணம். அதே ஆண்டு, அதே அணி, அதே அடி. நல்ல வேகம், கை நுணுக்கம், மூன்று பருவங்களில் 20 கோலோ அதற்கு மேலோ போட்டார். அப்படிப்பட்டவரைப் பற்றி அணியின் முதலாளி ஹாரால்ட் பாலார்டே பத்திரிகைகளிடம், சட்டைப்பையில் அரை டஜன் முட்டையோடு மூலைக்குப் போனாலும் ஒன்றுகூட உடையாது என்று சொன்னார். சொந்த ஆட்டக்காரனைப் பற்றி! 1977இல் அவரை செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிவிட்டார்கள். சுவீடனில் அவர் பெயரை மரியாதையோடுதான் சொல்கிறார்கள். டொராண்டோவில் அந்த முட்டைக் கதை மட்டும் மிஞ்சியது.

ஆனால் சால்மிங் வெறுமனே தாங்கியதற்காக நான் கொண்டாடவில்லை. தாங்கிக்கொண்டே லீகின் முதல் மூன்று நான்கு பின்வரிசைக்காரர்களில் ஒருவராக ஆடினார். 1975 முதல் 1980 வரை ஒவ்வொரு ஆண்டும், லீகின் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்ஸ்டார் அணியில் இருந்தார், 1977இல் முதல் அணியில், மற்ற ஐந்து ஆண்டும் இரண்டாம் அணியில். பயமுறுத்தித் துரத்த வேண்டும் என்பதுதான் அடித்தவர்களின் நோக்கம் என்றால், அது பலிக்கவில்லை என்பதற்கு இதுதான் சான்று.

பதிவு 8 – கணக்குப்பிள்ளை

1976–77 பருவத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம், எல்லோரும் கேட்கும் "ஏன் நாரிஸ் கிடைக்கவில்லை" என்பதற்கு விடை அதில் இருக்கிறது.

சால்மிங்: 12 கோல், 66 அசிஸ்ட், இரண்டும் சேர்த்து 78 புள்ளி. பக்கத்தில் ஆடிய இயன் டர்ன்புல்: 79 புள்ளி. டர்ன்புல் அந்தப் பருவத்தில் டெட்ராய்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5 கோல் போட்டார், ஒரு பின்வரிசைக்காரருக்கு அதுதான் சாதனை. ஒரே அணியின் இரண்டு பின்வரிசைக்காரர்கள் சேர்ந்து 157 புள்ளி. இது அசாதாரணம்.

ஆனால் அதே ஆண்டு மான்ட்ரியால் 80 ஆட்டங்களில் 8 தோல்விதான். அந்த அணியின் லாரி ராபின்சன் 85 புள்ளி, பிளஸ் 120. அதாவது எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது போடும் கோல்களைக் கழித்தால், அவர் பனியில் நிற்கும்போது அவர் அணி, எதிரணியைவிட 120 கோல் கூடுதலாகப் போட்டது. இதற்கு எதிராக யாருக்குமே நாரிஸ் கிடைத்திருக்காது. 1980இலும் ராபின்சன் முதல், சால்மிங் இரண்டாவது.

ராபின்சனுக்குப் பக்கத்தில் சவார்ட், லாபாயின்ட், பின்னால் டிரைடன், முன்னால் லஃப்லூர். சால்மிங்குக்கு சிட்லர், மெக்டொனால்ட், டர்ன்புல், பால்மட்டீர் இருந்தார்கள், அதற்கப்புறம் ஆழமில்லை. இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராபின்சன் இடத்தில் சால்மிங்கை வைத்தால் பிளஸ் 120 வந்திருக்குமா? வந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

பதிவு 9 – ஸ்காபரோ அண்ணை

ஆழமில்லாமல் போனதற்கு யார் காரணம் என்பதையும் எழுதுங்கள் பிள்ளை.

1978இல் ரொஜர் நீல்சன் பயிற்சியாளராக இருந்தபோது அணி உண்மையாகவே மேலே வந்தது. காலிறுதியில் ஐலண்டர்ஸ். நான்காவது ஆட்டத்தில் மட்டை பட்டுச் சால்மிங்குக்குக் கண்ணில் காயம், மிச்சத் தொடர் முழுக்க ஆட முடியவில்லை. ஏழாவது ஆட்டத்தில் மேலதிக நேரத்தில் லானி மெக்டொனால்ட் போட்ட கோலில் வென்றார்கள். அரையிறுதியில் மொன்றியல் நான்குக்கு நான்கு வென்று அனுப்பிவிட்டது. சால்மிங்கின் காலத்தில் லீஃப்ஸ் கோப்பைக்கு அருகே போனது அவ்வளவுதான்.

அதிலிருந்து கட்டியெழுப்ப வேண்டியதைப் பாலார்ட் உடைத்தார். 1979இல் நீல்சனை அனுப்பினார். பழைய மேலாளர் பஞ்ச் இம்லக்கை மறுபடி கொண்டுவந்தார். அந்த டிசம்பரிலேயே மெக்டொனால்ட் கொலராடோவுக்கு அனுப்பப்பட்டார், தலைவர் சிட்லர் தன் சட்டையிலிருந்த தலைவர் அடையாளத்தைக் கிழித்து எறிந்தார். பிறகு சிட்லரும் போனார், டர்ன்புல்லும் போனார். 1984–85இல் 80 ஆட்டத்தில் 20 வெற்றி, லீகிலேயே கடைசி இடம். சால்மிங் அத்தனையிலும் நின்றார். நான் வந்து பார்த்த சால்மிங் அப்படிப்பட்ட அணியில் ஆடியவர். பக்கத்தில் நின்றவன் தவறவிட்டதற்கெல்லாம் இவர் போய் விழுந்து படுப்பார். தோற்கிற ஆட்டத்தின் கடைசி நிமிடத்திலும் படுப்பார்.

கோப்பை இல்லை என்று அவர் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது பாலார்டின் கணக்கு.

பதிவு 10 – வைகைக்கரை

இப்போது நானும் தேடிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். முகம் முழுக்கத் தையலோடு ஒரு படம் வருகிறது. அது ஃப்ளையர்ஸ் ஆட்கள் செய்ததா? அப்புறம் போதைப்பொருளுக்காகத் தடை என்றும் ஒரு வரி பார்த்தேன். அது உண்மையா?

பதிவு 11 – வடக்குவாசி

இரண்டும் 1986இல், சில மாதங்களுக்குள் நடந்தவை.

தடை உண்மைதான். சில ஆண்டுகளுக்கு முன் கொக்கெய்ன் பயன்படுத்திப் பார்த்ததாக அவரே ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். யாரும் பிடிக்கவில்லை, எந்தப் பரிசோதனையும் இல்லை. லீக் அந்தப் பருவத்துக்குத் தடை விதித்து, 8 ஆட்டங்களோடு திரும்ப விட்டது. உண்மையைச் சொன்னதற்காகத் தண்டனை என்று அன்றைக்கே பலர் எழுதினார்கள். அவர் செய்தது தவறு, சொன்னது நேர்மை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன்.

அந்தப் படம் நவம்பர் 26 அன்று டெட்ராய்டோடு நடந்த ஆட்டத்தில். கோலுக்கு முன்னால் நெரிசலில் சால்மிங் கீழே விழுந்தார். ஜெரார்ட் கல்லன்ட்டும் தடுமாறி, அவர் ஸ்கேட் சால்மிங் முகத்தில் ஏறிவிட்டது. வேண்டுமென்று செய்தது இல்லை. நெற்றியிலிருந்து கண்ணுக்குப் பக்கவாட்டில் இறங்கி வாய் ஓரம் வரை ஒரே கோடு. 200க்கும் மேற்பட்ட தையல். கண் தப்பியது. அவர் திரும்ப ஆட வந்துவிட்டார்.

1988 ஜனவரியில் 1000ஆவது ஆட்டம். என்ஹெச்எல்லில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் ஐரோப்பிய ஆட்டக்காரர். 1990இல் சுவீடனுக்குத் திரும்பி ஸ்டாக்ஹோமின் ஏஐகே அணிக்காக 1993 வரை ஆடினார். 1992 அல்பர்வில் ஒலிம்பிக்கில் சுவீடன் அணியில் இருந்தபோது வயது 40.

பதிவு 12 – யாழினி

கடைசி ஆண்டைப் பற்றி நான் எழுதட்டுமா? நான் தாதி. இந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலையின் ஒரு பகுதி.

2022 ஆகஸ்ட் 10 அன்று அவருக்கு ஏஎல்எஸ் நோய் என்று லீஃப்ஸ் அணி மூலமாக அறிவித்தார். மூளையிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். சிலருக்குக் கையில் தொடங்கும், சிலருக்குக் காலில், சிலருக்குப் பேச்சிலும் விழுங்குவதிலும். அறிவு பெரும்பாலானவர்களுக்குத் தெளிவாகவே இருக்கும், உடம்புதான் பதில் சொல்லாது. பொதுவாக அறிகுறி தொடங்கி இரண்டு முதல் ஐந்து ஆண்டு என்று குடும்பங்களிடம் சொல்வோம். இவருக்கு எல்லாமே சில மாதங்களில் நடந்தது. ஹொக்கியில் பட்ட அடிதான் காரணமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு தனி மனிதருக்கு இது எதனால் வந்தது என்று சொல்ல நம்மால் பெரும்பாலும் முடிவதில்லை.

நவம்பரில் ரொறன்ரோ வந்தார். 11, 12 இரண்டு இரவும் அரங்கத்தில் மரியாதை செய்தார்கள். இரண்டாவது இரவு வான்கூவரோடு ஆட்டம். ஒரு பக்கம் சிட்லர், ஒரு பக்கம் லீஃப்ஸின் இன்னொரு சுவீடன் நட்சத்திரம் சுந்தீன். பேச முடியாது, கையைத் தானாகத் தூக்க முடியாது. கூட்டத்துக்குக் கை காட்ட சிட்லர் அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். சிட்லர் அழுதுகொண்டே நின்றார். பயிற்சியாளர் ஷெல்டன் கீஃப் அன்று ஆட்டத்தைத் தொடங்க அணியிலிருந்த சுவீடன்காரர்களையே இறக்கினார்.

இந்த நோயாளிகளுக்கு ஒரு விமானப் பயணம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சாப்பாடு எப்படி, எச்சில் சேர்ந்தால் எப்படி, மூச்சு முட்டினால் எப்படி என்று ஒவ்வொரு மணி நேரத்துக்கும் யோசிக்க வேண்டும். அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தார். நான் மேலே பதிவில் அடி வாங்குவதை வீரமாக்க வேண்டாம் என்று எழுதினேன், அதில் இப்போதும் உறுதியாக இருக்கிறேன். இந்தப் பயணத்தைத்தான் நான் வீரம் என்பேன். அந்த நிலையில் பொதுவில் முகத்தைக் காட்ட ஒத்துக்கொள்கிறவர்கள் மிகக் குறைவு. அவர் காட்டியதால் இந்த நோயின் பெயர் தெரியாத எத்தனையோ வீடுகளில் அன்று அதைப் பற்றிப் பேசினார்கள். அவர் பெயரில் ஆராய்ச்சிக்கு நிதியும் சேர்கிறது.

நவம்பர் 24 அன்று காலமானார். 71 வயது.

பதிவு 13 – வடக்குவாசி

அதே வார இறுதியில் இன்னொன்றும் நடந்தது. அந்த ஆண்டு புகழரங்கத்துக்குத் தேர்வானவர்களில் மூன்று பேர் சுவீடன்காரர்கள்: டேனியல் சேடீன், ஹென்ரிக் சேடீன், டேனியல் ஆல்ஃப்ரெட்சன். விழா நடந்ததும் டொராண்டோவில்தான்.

சால்மிங்குக்கு இரண்டு முறை கைநழுவிய நாரிஸ் விருதை நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் மட்டும் 7 முறை வாங்கினார். எரிக் கார்ல்சன் 3 முறை. விக்டர் ஹெட்மன் ஒரு முறை. இவர்களில் யாரிடமும் போய், நீ தாக்குப்பிடிப்பாயா என்று யாரும் கேட்கவில்லை. கணக்குப்பிள்ளை, முதல் பதிவில் நான் சொன்னது இதைத்தான். ஸ்டெர்னரும் பெர்க்மானும் முன்னால் போனார்கள், உண்மை. ஆனால் அவர்களுக்குப் பிறகும் கேள்வி இருந்தது. சால்மிங் 16 ஆண்டு நின்ற பிறகு இல்லை.

பதிவு 14 – கணக்குப்பிள்ளை

யாழினி எழுதியதற்கு நன்றி. அதற்கு மேல் அந்த விஷயத்தில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

தரவரிசையில் என் நிலை அதேதான்: ராபின்சன், பொட்வின், பார்க், சால்மிங். முன்னோடி என்ற பெருமை வேறு, பனியில் ஆடியது வேறு. முதலாவதில் சால்மிங்குக்கு இணை இல்லை என்பதை முழு மனதோடு சொல்கிறேன். இரண்டாவதில் நான்காம் இடம்.

பதிவு 15 – ஸ்காபரோ அண்ணை

அப்படியென்றால் ஒரு கேள்வி. பிராட் பார்க்கை மூன்றாவதாக வைக்கிறீர்கள். பார்க்கும் கோப்பை வாங்கவில்லை. நாரிஸும் வாங்கவில்லை, ஆறு முறை இரண்டாம் இடம், அதில் பெரும்பாலும் பொபி ஓருக்குப் பின்னால். ரேஞ்சர்ஸ், பொஸ்டன் என்று இரண்டு நல்ல அணிகளில் ஆடினார், ஆடிய ஒவ்வொரு பருவமும் அவர் அணி பிளேஆஃபுக்குப் போனது. அந்த வசதி இல்லாத சால்மிங்கை எந்தக் கணக்கில் கீழே வைத்தீர்கள்?

பதிவு 16 – கணக்குப்பிள்ளை

நியாயமான கேள்வி அண்ணா. என் பதில்: பார்க்கின் உச்சம் இன்னும் நீளம், பிளேஆஃபில் அவர் ஆடிய ஆட்டங்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, பவர்பிளேயில், அதாவது எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது, அவர் கை இன்னும் நுட்பம். தன் கோலுக்கு முன்னால் தடுப்பதில் சால்மிங் ஒரு படி மேல், அதை மறுக்கவில்லை. பார்க்குக்குத் தனி இழை போடுகிறேன், 1971–72 பருவத்திலிருந்து தொடங்கலாம். வைகைக்கரை, நீங்களும் வாருங்கள். அதற்குள் 1976 கனடா கோப்பை அறிமுகக் காணொளியைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.